புஸ்வாணமாகிப் போன ராஜ வாணவேடிக்கை

தீபாவளிக்கு ஆசை ஆசையாய் வாங்கி வைத்த பெரிய புஸ்வாணம், பற்ற வைத்ததும் 'புஸ்'ஸென்று ஒரு அடி எழும்பி அணைந்துவிட்டால் வீட்டுக் குழந்தையின் முகம் எப்படி இருக்கும்? அந்த முகத்தோடு ஒரு நகரமே வீடு திரும்பிய இரவு ஒன்று சரித்திரத்தில் இருக்கிறது. இடம்: லண்டன், கிரீன் பார்க். தேதி: 1749 ஏப்ரல் 27.

ராஜா வந்திருந்தார். ராணுவம் வந்திருந்தது. இத்தாலியிலிருந்து வாணவேடிக்கை நிபுணர்களை வரவழைத்திருந்தார்கள். அக்காலத்தின் மிகப் பெரிய இசையமைப்பாளர் இதற்கென்றே புதிதாக இசை எழுதியிருந்தார். இத்தனை இருந்தும் நிகழ்ச்சி சொதப்பியது. எப்படி? ஏன்? இதற்கும் நம் சென்னைப் பட்டணத்துக்கும் என்ன சம்பந்தம்? (சம்பந்தம் இருக்கிறது!) ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதற்காக இந்தக் கொண்டாட்டம்?

1740-ல் தொடங்கி 1748 வரை ஐரோப்பாவில் ஒரு நீண்ட யுத்தம் நடந்தது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் என்று பெயர். ஆஸ்திரியாவின் அரியணைக்கு மரியா தெரசா என்ற பெண் வரலாமா என்ற கேள்வியில் ஆரம்பித்த சண்டை இது. ஒரு பக்கம் பிரான்ஸ், பிரஷ்யா; மறுபக்கம் ஆஸ்திரியா, பிரிட்டன். ஸ்பெயினோடு பிரிட்டனுக்கு 1739-லேயே வியாபாரத் தகராறில் தனியாக ஒரு போர் தொடங்கியிருந்தது. அதுவும் இதோடு கலந்துவிட்டது.

1748 அக்டோபரில் எக்ஸ்-லா-ஷபேல் என்ற ஊரில் (இன்றைய ஜெர்மனியின் ஆகன் நகரம்) சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் சாரம் என்ன தெரியுமா? பிடித்த இடங்களில் பெரும்பாலானவற்றை அவரவர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்! பிரஷ்யா மட்டும் சைலீசியா மாகாணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மற்றவர்கள் எட்டு வருடம் சண்டை போட்டுக் கிட்டத்தட்ட ஆரம்பித்த இடத்துக்கே திரும்பினார்கள். ஸ்பெயினோடு சண்டை எதற்காக வந்ததோ அந்த விஷயத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் பேச்சே இல்லை.

வட அமெரிக்காவில் லூயிஸ்பர்க் என்ற பெரிய பிரெஞ்சுக் கோட்டையை 1745-ல் அமெரிக்கக் குடியேறிகளும் பிரிட்டிஷ் கடற்படையும் சேர்ந்து பிடித்திருந்தார்கள். அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. திருப்பிக் கொடுக்கும் வரை இரண்டு ஆங்கிலப் பிரபுக்கள் பிரான்சில் பிணையாளிகளாகப் போய் உட்கார வேண்டும் என்று வேறு நிபந்தனை! ஆங்கிலேயர்களுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. பிரான்சிலும் சந்தோஷம் இல்லை. பாரீஸ் நகரத் தெருக்களில் ஒருவரை முட்டாள் என்று திட்ட வேண்டுமானால், 'இந்தச் சமாதானத்தைப் போல முட்டாள்' என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது.

கணக்கு வழக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். போருக்கு முன் பிரிட்டிஷ் அரசின் கடன் ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் பவுண்டு. போர் முடிந்தபோது அது 7 கோடியே 60 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. இந்தக் கடனுக்கு வட்டி கட்டியது யார்? வரி கட்டும் ஜனங்கள்தான். ஆக, வரவுப் பக்கம் ஒன்றுமில்லை, செலவுப் பக்கம் மட்டும் நிரம்பி வழியும் ஒரு கணக்குப் புத்தகம். அதை வெற்றி என்று ஜனங்களுக்குக் காட்டியாக வேண்டும். அதற்குத்தான் வாணவேடிக்கை.

மரத்தாலும் துணியாலும் ஒரு மாளிகை

இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் அரசு செலவைப் பற்றிக் கவலைப்படவில்லை. கிரீன் பார்க்கில் ஒரு பிரம்மாண்டமான மேடை எழுந்தது. அதற்கு 'மெஷின்' என்று பெயர். நீளம் 410 அடி, உயரம் 114 அடி. இன்றைய கணக்கில் பத்து மாடிக் கட்டிட உயரம்! நடுவில் ஒரு ரோமானியக் கோயில், இரண்டு பக்கமும் மண்டபங்கள். பார்வைக்குச் சலவைக்கல் மாதிரி இருந்தாலும் உள்ளே எல்லாம் மரச்சட்டமும் வெள்ளையடித்த துணியும்தான். மேலே ரோமானியக் கடவுளர் சிலைகள். ராஜா நாட்டுக்குச் சமாதானத்தை வழங்குவது போல ஒரு காட்சி வேறு.

வடிவமைத்தவர் செர்வாண்டோனி. ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தவர், பாரீசில் நாடக மேடை அலங்காரத்தில் பெரும் பெயர் வாங்கியவர். 1748 நவம்பர் 7-ல் தொடங்கிய வேலை முடிந்தது 1749 ஏப்ரல் 26-ல். அதாவது நிகழ்ச்சிக்கு முதல் நாள்! கிட்டத்தட்ட ஐந்தரை மாத உழைப்பு.

வெடிகளுக்குப் பொறுப்பு இத்தாலியர்கள் இருவரிடம்: போலோன்யாவைச் சேர்ந்த ரூஜியேரி, அவரோடு சார்த்தி. ஆனால் அவர்களுக்கு மேலே ஆங்கிலேய அதிகாரிகள். வாணவேடிக்கை மேற்பார்வையாளர் சார்லஸ் ஃபிரடெரிக், அவருக்கும் மேலே ராணுவப் படைக்கலத் துறைத் தலைவர் மாண்டகு பிரபு. மேடை ஒருவர் கையில், வெடி இன்னொருவர் கையில், அதிகாரம் மூன்றாமவர் கையில். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜாவுக்கு வயலின் வேண்டாமாம்!

இசைக்கு ஹாண்டல். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறியவர். அப்போது வயது 64. ராஜாவுக்கு முதலில் இசையே வேண்டாம் என்ற எண்ணம். பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: ராணுவ வாத்தியங்கள் மட்டும்தான் இருக்க வேண்டும், வயலின் கூடாது.

ஹாண்டலுக்கு இது பிடிக்கவில்லை. ட்ரம்பெட்டுகளைக் குறைத்து வயலின்களைச் சேர்க்கப் பார்த்தார். ராஜாவுக்குத் தெரிந்தால் கோபம் வருமே என்று மாண்டகு பிரபு கவலையோடு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கடைசியில் 24 ஓபோ, 12 பஸூன், 9 ட்ரம்பெட், 9 ஹார்ன், 3 ஜோடி முரசு என்று முடிவானது. ஓபோவை நம்ம ஊர் நாயனத்தின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். 24 பேர் சேர்ந்து ஊதினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள்!

ஒத்திகையிலும் ஒரு பேரம் நடந்தது. வாக்ஸால் என்பது தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த ஒரு கேளிக்கைத் தோட்டம். அதன் முதலாளி ஜொனாதன் டையர்ஸ் பலே வியாபாரி. ஒத்திகையை என் தோட்டத்தில் நடத்துங்கள், பதிலுக்கு என் விளக்குகளையும் வேலையாட்கள் 30 பேரையும் இரவல் தருகிறேன் என்றார். அரசுக்கு 700 பவுண்டு மிச்சம். ஹாண்டல் முரண்டு பிடித்துப் பார்த்தார், நடக்கவில்லை.

ஏப்ரல் 21-ல் ஒத்திகை நடந்தது. நுழைவுக் கட்டணம் இரண்டரை ஷில்லிங். 12,000 பேர் வந்தார்கள் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. அப்போது நகரத்தில் நதியைக் கடக்க இருந்த ஒரே பாலமான லண்டன் பாலத்தில் மூன்று மணி நேரம் வண்டிகள் நகரவே இல்லையாம். 12,000 என்ற எண் மிகை என்று இன்றைய ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அந்த எண் சரியென்றால் வசூல் 1,500 பவுண்டு! இரவல் விளக்குக்கு 700 பவுண்டு மதிப்பு வைத்தாலும் டையர்ஸுக்கு இரட்டிப்பு லாபம். இந்தக் கொண்டாட்டம் முழுவதிலும் கணக்கைச் சரியாகப் போட்டவர் இவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

அந்த இரவு

ஏப்ரல் 27. நல்ல வேடிக்கைக்கு வேண்டிய முதல் விஷயமே அமையவில்லை. மழை.

ஆனாலும் கூட்டம் குறையவில்லை. ஜனங்கள் உள்ளே வரப் பூங்காவின் சுவரையே ஓரிடத்தில் இடித்து வழி விட்டிருந்தார்கள். சுற்றியிருந்த வீடுகளின் ஜன்னல், மொட்டை மாடி, பரண் எல்லாம் தலைகள். ஜான் பைரம் என்ற கவிஞர் மாலையிலேயே வந்து, பூங்காவில் ஒரு மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதினார். ஊரே பித்துப் பிடித்துத் திரிகிறது என்பது அவருடைய அபிப்பிராயம்.

ராஜா மெஷினைச் சுற்றிப் பார்த்தார். வேலையாட்களுக்குப் பண முடிப்பு கொடுத்தார். இசை முழங்கியது. 101 பீரங்கிகள் மரியாதை செலுத்தின. இரவு சுமார் எட்டரை மணிக்கு வாணவேடிக்கை ஆரம்பம்.

ராக்கெட்டுகள் நன்றாகவே மேலே போயின. பிரச்சினை தரையில்தான். மெஷின் முழுக்கப் பொருத்தியிருந்த சக்கரங்கள், தீ ஊற்றுகள் எல்லாம் வரிசையாக, சொல்லி வைத்த மாதிரி பற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் சில பற்றவில்லை, சில அரைகுறையாகச் சுற்றி நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே நீண்ட இடைவெளி. இருட்டில் மழையில் நின்ற ஜனங்கள் 'அடுத்து என்ன, அடுத்து என்ன' என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு பக்க மண்டபம் தீப்பிடித்தது. இதுவும் வேடிக்கையின் ஒரு பகுதிதான் போலிருக்கிறது என்று சிலர் நினைத்திருக்கலாம்! மரமும் துணியும் ஆயிற்றே, குபுகுபுவென்று எரிந்தது. தச்சர்கள் ஓடிப் போய் எரியும் மண்டபத்துக்கும் நடுக் கோயிலுக்கும் இடையே இருந்த பகுதியை வெட்டிப் பிரித்தார்கள். அதனால்தான் முழு மெஷினும் சாம்பலாகாமல் தப்பியது.

ஐந்தரை மாத உழைப்பு கண்ணெதிரே எரிவதைப் பார்த்த செர்வாண்டோனிக்குத் தலைகால் புரியவில்லை. உறையிலிருந்த வாளை உருவிக்கொண்டு மேற்பார்வையாளர் ஃபிரடெரிக் மேல் பாய்ந்துவிட்டார்! காவலர்கள் வாளைப் பிடுங்கி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் ராஜாவின் மகன் கம்பர்லண்ட் பிரபு முன்னிலையில் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் விடுதலை.

கூட்டத்துக்குள் பாய்ந்த ஒரு ராக்கெட்டால் ஒரு இளம்பெண்ணின் உடையில் தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மேலாடையைக் கிழித்தெறிந்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

முன்னாள் பிரதமரின் மகனும் எழுத்தாளருமான ஹோரஸ் வால்போல் இதையெல்லாம் நேரில் பார்த்தவர். மே 3-ல் ஃப்ளோரன்ஸில் இருந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ராக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் பரிதாபம் என்கிறார். வண்ணமும் மாறவில்லை, வடிவமும் மாறவில்லை. விளக்கலங்காரத்தை ஏற்றி முடிப்பதற்குள் பார்ப்பவர்களின் பொறுமை போய்விட்டது என்கிறார். பிறகு போகிற போக்கில் ஒரு வரி: பெரிய சேதம் இல்லை, இரண்டு பேர்தான் செத்தார்கள் என்று. அவருக்கு அது ஒரு சின்னக் கணக்கு. வேடிக்கை பார்க்கப் போய் வீடு திரும்பாத அந்த இரண்டு பேருடைய வீட்டில் அது எப்படிச் சின்னக் கணக்காக இருந்திருக்கும்?

ஏன் சொதப்பியது?

முதல் காரணம் மழை. வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சம் கந்தகமும் கரியும். ஈரம் பட்டால் மருந்து நமத்துப் போகும். திரியில் தீ ஓடாது. இது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

இரண்டாவது, யார் சொல்வதை யார் கேட்பது என்ற குழப்பம். எதை எப்போது, எப்படிப் பற்ற வைப்பது என்பதிலேயே இத்தாலியர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் தகராறு இருந்தது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இங்கே ஒரே மரத்தைப் பல தச்சர்கள் கண்டுவிட்டார்கள்.

மூன்றாவது காரணம் வேதியியல். வால்போல் வண்ணம் இல்லை என்று குறைப்பட்டாரே, அன்றைய தொழில்நுட்பத்தில் அது பெரிய அளவில் முடியாத காரியம். வெறும் வெடிமருந்தும் இரும்புத் தூளும் கொடுப்பது பொன்னிறமும் வெண்மையும்தான். பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பு 1780-களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதோடு ஸ்ட்ரான்ஷியம் (சிவப்பு), பேரியம் (பச்சை), தாமிரம் (நீலம்) ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்துப் பளிச்சென்ற வண்ணங்களை வானத்தில் காட்டியது 1830-களுக்குப் பிறகுதான்.

இந்த மூன்றும் சரியாக இருந்திருந்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. உள்ளே மரமும் துணியும், வெளியே சலவைக்கல் போல வெள்ளைப் பூச்சு. கொண்டாடப்பட்ட ஒப்பந்தமும் அப்படித்தானே இருந்தது?

சென்னைப் பட்டணத்தின் கதை

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1746 செப்டம்பரில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல்களோடு வந்து சென்னை ஜார்ஜ் கோட்டையைச் சில நாட்களில் பிடித்துவிட்டார். கோட்டையில் குமாஸ்தாவாக இருந்த 20 வயது ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பிக் கடலூர் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். பட்டணத்தை மீட்க வந்த ஆர்க்காடு நவாபின் பெரும்படையை அடையாற்றங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை விரட்டியடித்தது. கோட்டையை ஒட்டித் தமிழர்களும் தெலுங்கர்களும் வாழ்ந்த 'கறுப்பர் நகர'த்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் பாதுகாப்புக்காக இடித்துத் தள்ளினார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு ஆஸ்திரிய அரியணையில் யார் உட்கார்ந்தால் என்ன? ஆனாலும் வீடு போயிற்று. அந்த வருடங்களில் புதுச்சேரியில் நடந்தவற்றை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

சமாதான ஒப்பந்தத்தில் பிரிட்டன் லூயிஸ்பர்க்கைக் கொடுத்தது, பிரான்ஸ் சென்னையைக் கொடுத்தது. லண்டனில் எரிந்த மெஷின் கொண்டாடிய பண்டமாற்றில் நம் சென்னையும் ஒரு பண்டம்!

சரி, அதற்குப் பிறகாவது இங்கே அமைதி வந்ததா? சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பும் முன்பே, 1749 ஆகஸ்ட் 3-ல் ஆம்பூரில் அடுத்த போர் வெடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிப் பக்கம் நின்றார்கள். நவாப் அன்வாருதீன் போர்க்களத்திலேயே இறந்தார். அவருடைய மகன் முகமது அலிக்கு ஆங்கிலேயர்கள் துணை போனார்கள். திருச்சி, ஆர்க்காடு என்று பல வருடம் நீண்டது அந்தச் சண்டை. கிரீன் பார்க்கில் சமாதானத்துக்காக வெடித்த வெடியின் புகை அடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை! ஐரோப்பாவிலும் 1756-ல் அடுத்த பெரும் போர் தொடங்கிவிட்டது.

மிஞ்சியது என்ன?

எரியாமல் மிஞ்சிய வெடிகளை ரிச்மண்ட் பிரபு வாங்கினார். மே 15-ல் தேம்ஸ் கரையில் இருந்த தன் மாளிகையில் ஒரு வாணவேடிக்கை நடத்தினார். அது அருமையாக அமைந்தது. முன்பு குறை சொன்ன அதே வால்போல் இதைப் பாராட்டி எழுதினார். அதே சரக்குதான்! சிறிய இடம், நல்ல ஏற்பாடு. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அழைக்கப்பட்ட விருந்தினர்களுக்காக நடந்த நிகழ்ச்சி அது. கிரீன் பார்க்கில் மழையில் நனைந்த கூட்டத்துக்கு இரண்டாவது வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் மிஞ்சியது. ஹாண்டல் தன் இசையை மே 27-ல் மறுபடி அரங்கேற்றினார். இந்த முறை அவர் ஆசைப்பட்ட வயலின்களோடு! இடம், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக தாமஸ் கோரம் என்பவர் முயற்சியில் 1739-ல் ராஜ சாசனம் பெற்ற ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல். அங்கே பாதியில் நின்ற தேவாலயத்தைக் கட்டி முடிக்க நிதி திரட்டும் கச்சேரி அது. அடுத்த வருடத்திலிருந்து தன் புகழ்பெற்ற 'மெசையா'வையும் அந்தக் குழந்தைகளுக்காக வருடா வருடம் நடத்த ஆரம்பித்தார் ஹாண்டல்.

410 அடி மெஷின் இன்று இல்லை. ஒப்பந்தம் எட்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ராஜா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த இசை மட்டும் 'ராஜ வாணவேடிக்கைக்கான இசை' என்ற பெயரில் இன்றும் உலகமெங்கும் கச்சேரிகளில் ஒலிக்கிறது. கேட்கும் பலருக்கு அன்று மழை பெய்ததும் தெரியாது, மண்டபம் எரிந்ததும் தெரியாது.

அடுத்த முறை எங்காவது அரசாங்கம் வானத்தைக் கொளுத்திக் கொண்டாடினால், வேடிக்கை பாருங்கள், கை தட்டுங்கள், தப்பில்லை. அப்படியே எதைக் கொண்டாடுகிறார்கள், அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.